நாற்பத்து மூன்று நோயாளிகள்

போர்பாலா முப்பத்தோரு வருஷம் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் ஊர் முழுக்கப் பிரசித்தம். "பகல் பூரா ஆம்பளைங்களப் புரட்டிப் போட்டு முதுகு தொடைக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொருத்தனப் புரட்டணுமா?"

ஓய்வு பெற்ற பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. மூன்றே வாரத்தில் தன் குடியிருப்பின் பதினாறு வீட்டிலும் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து முடித்துவிட்டாள். தபால்காரருக்கு இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை அவர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கடிதத்தை வேலிக்கு மேலே வீசிவிட்டுப் பறந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாடவார் ஊர்த் தூண்டில் சங்கத்துக்கு ஏரிக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பு இருந்த மூன்று காவலர்களும் தங்கமான மனிதர்கள், வம்பே அதுதான். முதலாமவரைத் திருட்டு மீன் பிடிப்பவர்கள் ஒரு பாட்டில் பிளம் சாராயத்தில் வளைத்துவிட்டார்கள். இரண்டாமவருக்குப் புகை போட்ட பன்றித்தொடை. மூன்றாமவருக்கு எதுவுமே தர வேண்டியிருக்கவில்லை. "என்னண்ணே, சௌக்கியமா?" என்று சிரித்துக் கேட்டால் போதும், மனுஷன் உருகிப்போய் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார். சங்கத் தலைவர் பல் டாக்டர் யெனோ யோசித்துப் பார்த்தார். ஊரில் யாருக்கும் மசியாத ஆள் ஒருத்திதான். அவருடைய குடலிறக்க ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, "அம்மா, அப்பா" என்று அவர் அலறுவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வராந்தாவில் மூன்று சுற்று நடக்க வைத்தவள் அவள்.

"மீனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

"குழம்புல போட்டா செவப்பா எண்ணெ மெதக்கும்."

"போதும். திங்கக்கெழமையே வந்துடுங்க."

திங்கட்கிழமை ஏரிக்கரைக்குப் போன முதல் மணிநேரத்திலேயே அவள் கண்ணில் பட்ட காட்சி இது. ஒரு லாரி டிரைவர் ஆறு கிலோ கெண்டை ஒன்றை இழுத்துக் கரையில் போட்டிருந்தான். அது சரளைக் கற்களில் துள்ளியது. துள்ளாமல் இருக்க பூட்ஸ் காலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, குறடால் தூண்டில் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தான்.

"காலை எடுய்யா நோயாளி மேலருந்து!"

ஏரி முழுக்க எதிரொலித்த அந்தக் குரல் வார்டு குரல். எதிர்க்கரையில் இருந்தவர்கள்கூடத் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். லாரி டிரைவர் தன்னை அறியாமல் காலை எடுத்தது மட்டுமில்லை, தொப்பியையும் எடுத்தான்.

அன்றிலிருந்து ஏரியில் இருந்த கெண்டைகள் எல்லாம் அவளுக்கு நோயாளிகள். நூலகத்தில் இருந்த மீன் புத்தகங்களை வாசித்துத் தீர்த்தாள். சந்தையில் மாட்டு டாக்டரை மடக்கிக் கேள்வி கேட்டாள். மீன் மேல் இருக்கும் வழவழப்பு அழுக்கில்லை, அதற்குச் சட்டை மாதிரி. காய்ந்த கையாலோ துண்டாலோ துடைத்தால் சட்டையை உரித்த மாதிரி, அப்புறம் கண்ட பூஞ்சையும் வந்து ஒட்டும் என்று தெரிந்துகொண்டாள். மறுநாள் முதல் தூண்டில்காரர்கள் ஒவ்வொருவரும் மீனைத் தொடுமுன் கையை ஏரியில் நனைத்துக் காட்ட வேண்டும். மீனைப் படுக்க வைக்க ஈர மெத்தை இருக்க வேண்டும். வார்டில் நாடி பார்க்கக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பழைய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றி வருவாள். இடுப்பில் பஞ்சும் மருந்தும் இடுக்கியும் வைத்த ஒரு பெட்டி. கையில் நோட்டு. அதில் இப்படி எழுதியிருக்கும்: 'ஏழு கிலோ, பெண். மேலுதடு லேசாகக் கிழிசல். மருந்து தடவி அனுப்பப்பட்டது. நிலைமை திருப்தி.'

ஐந்து கிலோவுக்கு மேலுள்ள கெண்டையை ஏரியிலேயே திரும்ப விட வேண்டும் என்ற விதியைச் சங்கத்தில் கொண்டுவந்தது டாக்டர் யெனோதான். அவருக்கு மீன் மேல் ஒரு கரிசனமும் கிடையாது. பெரிய மீனோடு படம் எடுத்துப் பத்திரிகையில் போட வேண்டும். அதைப் பார்த்து தலைநகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வர வேண்டும். அதற்குப் பெரிய மீன் ஏரியில் இருந்தால்தானே ஆகும். அவருடைய பற்களும் அப்படி, படத்தில் மீனைவிட முன்னால் தெரியும்.

விதியைக் கேட்டு வயிறெரிந்தவன் ரெஜோ. ஏரிக்கரையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான். வெளியே விறகடுப்பில் பெரிய கொப்பரை, அதில் வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கும் மீன்குழம்பு. தட்டில் நூடுல்ஸ் போட்டு அதன் மேல் ஊற்றித் தருவான். பத்து கிலோ கெண்டையின் தலை உள்ளே கிடந்தால்தான் குழம்பு குழம்பாகும் என்பது அவன் கட்சி.

"விட்ட மீன் செத்த மீன், நர்ஸம்மா" என்பான். "இன்னிக்கு வாலாட்டிக்கிட்டுப் போவும். நாளான்னிக்கு நாணல் பொதருக்குள்ள போய் யாருக்கும் தெரியாம மண்டையப் போட்டுடும். எப்படியும் சாவப்போவுது, என் கொப்பரைல செத்தா மொளகாயோட சாவும்ல?"

"பத்து கிலோ கெண்டைய நானும் தின்னிருக்கேன். விளக்குத் திரிய மென்ன மாதிரி இருந்துது."

"அது சமைச்சவ தப்பு."

"சமைச்சது நீதான்யா. ஹெர்மினா அன்னிக்கி ஊர்ல இல்ல."

ஹெர்மினா ரெஜோவின் மனைவி. கல்லாவுக்குப் பின்னால் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலேயே, "அவ சொல்றது நெசம்தான்" என்றாள்.

வசந்தகாலத்துப் பொதுக்கூட்டத்தில் ரெஜோ எழுந்து விதியை நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். பாதிப் பேர் கைதட்டினார்கள். விட்ட மீன் பிழைக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி, தண்ணிக்கு அடியில் யார் போய்ப் பார்த்தது என்று கேட்டான். டாக்டர் யெனோ பல்லைக் காட்டினார். கடைசி வரிசையில் போர்பாலா எழுந்தாள்.

"நான் பாக்கறேன். மே மாசத் தூண்டில் போட்டியில மாட்டற பெரிய மீனெல்லாம் ஏரிக்குள்ள விட வேணாம். நாணல் மூலையில வலை கட்டி அடைச்சி அதுக்குள்ள விடுவோம். மூணு வாரம். எண்ணி உள்ள விடறோம், எண்ணி வெளிய எடுக்கறோம்."

"நீ ஆள் வெச்சு செத்த மீனைத் தூக்கிட்டு உசுரு மீனப் போட மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்றான் ரெஜோ.

"ஒவ்வொரு மீன் முதுகுத் துடுப்புலயும் நம்பர் வில்லை தைக்கிறேன். அப்பறமும் சந்தேகம்னா நாற்காலி போட்டு நீயே காவல் உக்காரு."

"உக்காருவேன்! பாதிக்கு மேல செத்துச்சுன்னா ஒரு மாசம் என் கடையில வந்து தட்டுக் கழுவணும்."

"பாதிக்கு மேல பொழைச்சுதுன்னா?"

ரெஜோ கூட்டத்தைப் பார்த்தான். வீரம் தலைக்கேறிவிட்டது. "என் கடைப் பலகையில என் கையாலயே எழுதி நானும் ஒரு மாசம் மாட்டறேன், 'ரெஜோ ஒரு மடையன்'னு!"

"எழுத்துப்பிழை இல்லாம எழுதணும்" என்றாள் ஹெர்மினா.

போட்டியன்று எண்பது பேர் வந்திருந்தார்கள். போர்பாலா காலை ஐந்து மணியிலிருந்து கரையில் ஓட்டமும் நடையுமாக இருந்தாள். ஒவ்வொரு பெரிய மீன் மாட்டும்போதும் கடிகாரத்தைத் தூக்கிப் பிடிப்பாள். தண்ணீரை விட்டு மீன் வெளியே வந்த நொடியிலிருந்து கணக்கு. முள்ளை எடுத்து, எடை பார்த்து, வில்லை தைத்து, தண்ணீர் நிறைந்த பையில் போடும்வரை நோட்டில் ஏறும். 'எண் நான்கு. வெளியே இருந்தது இருபத்தெட்டு விநாடி.' 'எண் ஒன்பது. முப்பத்தொரு விநாடி. பிடித்தவர் கை நடுக்கம். வேறு குறை இல்லை.'

எண் பன்னிரண்டு டாக்டர் யெனோ பிடித்தது. பதினோரு கிலோ. போட்டோக்காரரைக் கூப்பிட்டார். போட்டோக்காரர் வந்தார். டாக்டர் மீனை மார்போடு அணைத்துத் தூக்கினார். சூரியன் எதிரே இருந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். வெயில் கண்ணாடி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. தலைமுடி காற்றில் கலைந்தது. மீனை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மறுகையால் சீவினார்.

"டாக்டர், ஐம்பது விநாடி ஆச்சு!"

"ஒரே ஒரு படம்."

"ஒரு நிமிஷம் இருபது!"

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான்."

சிரித்தார். மீன் உதறியது. டாக்டர் கையிலிருந்து வழுக்கிச் சரளையில் மடேரென்று விழுந்தது. எடுக்கப் போனார், மறுபடி விழுந்தது. போர்பாலா அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மீனை வாரிக்கொண்டு வலைக்கு ஓடினாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

டாக்டருக்கு அன்று ராசி நல்ல ராசி. மத்தியானம் இன்னொன்று மாட்டியது. காலையில் எடுத்த படங்களில் கண் மூடியிருப்பதாகப் போட்டோக்காரர் சொல்லியிருந்ததால், எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடந்தது. அது எண் முப்பது.

எண் பதினேழைப் பிடித்தது ரெஜோ. எட்டரைக் கிலோ. விதியை எதிர்ப்பவன் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லையே. ஆனால் அது முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது. "தூண்டில் நரம்ப அறுத்து விட்டுடவா?" என்று கேட்டான் ரெஜோ. சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். போர்பாலாவுக்குக் கை பரபரத்தது. வளைந்த நீள இடுக்கியை எடுத்தாள். ஈர மெத்தையில் மீனைக் கிடத்தி, கண்ணை ஈரத்துணியால் மூடி, செவுள் வழியே விளக்கடிக்கச் சொல்லி, உள்ளே நுழைத்து, பொறுமையாகத் திருப்பி, முள்ளை முழுசாக வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினாள். முப்பது பேரும் கைதட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏரிக்கரையில் அவளுக்காக ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. ரெஜோவும் தட்டினான். நான்கு நிமிடம் என்று நோட்டில் எழுதும்போது அவள் அந்த எண்ணை யோசிக்கவே இல்லை.

அன்று மாலை வலைக்குள் நாற்பத்து மூன்று கெண்டைகள் இருந்தன.

மறுநாளே ரெஜோ மடக்கு நாற்காலி, குடை, சுருட்டு சகிதம் நாணல் மூலையில் வந்து உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் போர்பாலா இன்னொரு நாற்காலியில். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தது. ரெஜோ நாற்காலி சாய எழுந்தான்.

"பாத்தியா! பாத்தியா நர்ஸம்மா! ஆரம்பிச்சாச்சு!"

கடைக்கு ஓடி வாசல் மணியை அடித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து பார்த்தார்கள். மறுநாள் இன்னொன்று. மறுபடி மணி. "நான் தட்டு நெறைய சேத்து வெச்சிருக்கேன். நம்ம வீட்டுச் சோப்பு கைக்கு ஒத்துக்குமா உனக்கு?" என்றான். போர்பாலா வில்லைகளைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டு, முப்பது.

நான்காம் நாள் ஒன்றும் சாகவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ரெஜோ தண்ணீருக்கு மேல் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. போர்பாலா தைலம் தேய்த்துவிட்டாள்.

"எதுக்கு இதெல்லாம்? நான் உன் எதிரி" என்றான், தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டே.

"வார்டுல எதிரிங்கதான் அதிகம் வந்து படுப்பாங்க. ஆடாம இரு."

ஆறாம் நாள் அவன் கடையிலிருந்து பழைய ரொட்டி கொண்டுவந்தான். மீனைப் பட்டினி போட்டுச் சாகடித்துவிட்டு தன் மேல் பழி போட்டுவிடுவார்கள் என்று காரணம் சொன்னான். எட்டாம் நாள் அவன் ரொட்டியோடு வரும் காலடிச் சத்தத்துக்கே கெண்டைகள் கரையோரம் வந்து வாயைத் திறந்து நின்றன. "என்னப் பாத்தா மட்டும் வருதுங்க, உன்னப் பாத்தா ஒண்ணு வருதா?" என்றான். உதடு கிழிந்து மருந்து போட்ட ஒரு மீனுக்கு எண் சொல்லாமல் 'கிழிஞ்சவ' என்று பேர்கூட வைத்துவிட்டான். அதை வெளியே சொல்லக் கூடாது என்று போர்பாலாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது ரெஜோ இன்னும் வரவில்லை. நாணலில் ஒதுங்கிக் கிடந்தது ஒன்று. குனிந்து வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். பதினேழு.

நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். முள் விழுங்கியது. இடுக்கியால் எடுக்கப்பட்டது. நான்கு நிமிடம். முள்ளை விட்டுவிட்டு நரம்பை மட்டும் வாயோரம் அறுத்து அனுப்பியிருந்தால் அது பாட்டுக்குப் போயிருக்கும். அநேக மீன் தானே முள்ளைக் கழித்துவிடும் என்று அவள் படித்த புத்தகத்திலேயே இருந்தது. படித்திருந்தாள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். ஆனால் முப்பது பேர் சுற்றி நின்றார்கள், கையில் இடுக்கி இருந்தது.

ஏரியில் யாரும் இல்லை. பின்னால் பிளம் மரத்தடியில் மண் மிருதுவாக இருந்தது. சங்கத்து மண்வெட்டி அங்கேயே சாத்தியிருந்தது. ஒரு மீன் குறைந்தால் வலையில் ஓட்டை, நீர்நாய் கொண்டுபோயிற்று என்று சொல்லலாம். அவள் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு தடவை எழுந்து மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டும் வந்தாள். அப்புறம் வந்து உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, பதினேழுக்கு எதிரே தேதியும் நேரமும் எழுதினாள். கீழே, 'சிகிச்சை அளித்தவர்: போர்பாலா' என்று எழுதும்போது எழுத்து கோணலாகப் போயிற்று.

ரெஜோ ரொட்டியோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான்.

"பதினேழு. உன் மீனு. நான் எடுத்தேனே முள்ளு, அது" என்றாள்.

ரெஜோவுக்கு ஒரு கிண்டல் வாய் வரை வந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நோயாளியும் முடிஞ்சு போனாரு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஆனால் மூக்கை உறிஞ்சினாள். முப்பத்தோரு வருஷ நர்ஸ் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து ரெஜோ பயந்துபோனான். ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான் கை தட்டினேன்" என்றான். ஆளில்லாத கரையை ஒரு தரம் பார்த்து, "ஏன், யாரும் பாக்கலையே. பொதைச்சிருக்கலாமே" என்றான்.

"பொதைக்கலாம். நோட்டுல என்னன்னு எழுதறது?"

அன்று அவன் மணி அடிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துவந்து பிளம் மரத்தடியில் அவனே குழி வெட்டினான்.

மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் உட்கார இடமில்லை. காலையில் இரண்டு பேர் வலையை இழுக்க, ரெஜோ உரக்க எண்ணி, உயிரோடு இருந்த மீன்களை ஏரிக்குள் விட்டிருந்தார்கள். நாற்பது. அதைச் சொன்னதும் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. டாக்டர் யெனோ மேடையில் எழுந்து கையை விரித்தார்.

"பாத்தீங்களா! நாப்பத்து மூணுல நாப்பது! நான் கொண்டாந்த விதி! இத்தோட கூட்டத்த—"

"நோட்டு வாசிக்கணும்" என்றாள் போர்பாலா.

"எதுக்கும்மா? எண்ணிக்கைதான் சொல்லியாச்சே."

"வார்டுல சாவு நடந்தா காரணம் வாசிக்காம கூட்டத்தக் கலைக்க மாட்டாங்க, டாக்டர்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். குரல் ஏற்ற இறக்கமில்லாமல், காலை ஷிப்டு மாறும்போது வாசிப்பது போலவே இருந்தது.

"எண் பன்னெண்டு. பதினோரு கிலோ. பிடிச்சவர் டாக்டர் யெனோ. தண்ணிக்கு வெளியே ரெண்டு நிமிஷம் நாப்பது விநாடி. படம் பதினாலு. சரளையில விழுந்தது ரெண்டு தடவை. தலை சீவினது ஒரு தடவை. ரெண்டாம் நாள் மரணம்."

முன்வரிசையில் யாரோ தும்முவது போல் சிரிப்பை அடக்கினார்கள்.

"எண் முப்பது. ஒன்பது கிலோ. பிடிச்சவர் டாக்டர் யெனோ. மூணு நிமிஷம் அஞ்சு விநாடி. படம் இருபத்தொண்ணு. மூணாம் நாள் மரணம்."

டாக்டரின் முகம் கொப்பரைக் குழம்பின் நிறத்துக்கு வந்தது. "பேரெல்லாம் வாசிக்கச் சொல்லி யார் கேட்டா? உங்கள வேலைக்கு வெச்சது நான்!"

"ஆமா டாக்டர். எண் பதினேழு." நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். "எட்டரை கிலோ. முள்ளு தொண்டைக்குள்ள. நரம்ப அறுத்து விடவான்னு பிடிச்சவர் கேட்டாரு. நான் கேக்கல. நாலு நிமிஷம் இடுக்கி போட்டது. போட்டவ போர்பாலா. ஒன்பதாம் நாள் மரணம். சட்டுனு விட்ட நாப்பதும் பொழைச்சுது. செத்த மூணுல ரெண்டு அழகுக்காக, ஒண்ணு என் கெட்டிக்காரத்தனத்துக்காக."

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலிகள் மட்டும் கிறீச்சிட்டன. ரெஜோ எழுந்தான்.

"நான் தோத்தேன்" என்றான். "மூணு வாரம் கண்ணு பூத்துப் போற மாதிரி பாத்தாச்சு. விட்ட மீன் பொழைக்குது. விடத் தெரியாதவன் கிட்ட மாட்டினாதான் சாவுது. என் தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறேன். வேற ஒரு தீர்மானம்: மீனத் தூக்கறவன் மூச்சப் புடிச்சிக்கணும். அவனுக்கு மூச்சு முட்டுச்சுன்னா மீனுக்கும் முட்டுதுன்னு அர்த்தம், உடனே தண்ணிக்குள்ள விட்டுடணும். படமெல்லாம் அதுக்குள்ள எடுத்துக்கட்டும்."

"சுருட்டு குடிக்கறவங்களுக்கு அநியாயமா இருக்கே" என்றார் ஒருவர்.

"மீனுக்கு நியாயமா இருக்கும்ல" என்றாள் ஹெர்மினா வாசலிலிருந்து.

கை தூக்கச் சொன்னார்கள். டாக்டர் யெனோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் தானும் தூக்கினார்.

'ரெஜோ ஒரு மடையன்' பலகை திங்கட்கிழமை கடை வாசலில் ஏறியது. ஹெர்மினா எழுத்துப்பிழை பார்த்து இரண்டு முறை அழித்து எழுதச் சொன்னாள். தலைநகரத்துக்காரர்கள் காரை நிறுத்திப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகு பசித்தது. உள்ளே வந்து சாப்பிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பந்தயக் கெடு முடிந்துவிட்டது, கழற்றிவிடலாமா என்று போர்பாலா கேட்டபோது ரெஜோ ஏணியைத் தரமாட்டேன் என்றுவிட்டான்.

டாக்டர் யெனோ இரண்டு மாதம் ஏரிப் பக்கம் வரவில்லை. ஆகஸ்டில் வந்தார். பன்னிரண்டு கிலோ மாட்டியது. போர்பாலா பக்கத்தில் போய் நின்றாள். அவர் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, கையை நனைத்து, நீளமாக ஒரு மூச்சை இழுத்து, மீனைத் தூக்கினார். கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியிருந்தன. வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும் என்பதால் சிரிக்க முடியவில்லை. பல் ஒன்றுகூடத் தெரியாமல் அவர் எடுத்துக்கொண்ட முதல் படம் அது. பதினெட்டாவது விநாடியில் கண் பிதுங்க மீனைத் தண்ணீரில் தாழ்த்தினார். அது ஒரு கணம் அவர் கையிலேயே நின்றது. செவுள் இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு வாலை ஒரே அடி அடித்து அவர் முகமெல்லாம் நனைத்துவிட்டுப் போயிற்று.

"எப்படி?" என்றார் டாக்டர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நல்லா விட்டீங்க டாக்டர்" என்றாள் போர்பாலா. டாக்டர் கரையேறிப் போகும்போது அவர் நடையே வேறாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு ஏரிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் இதே சண்டை. வந்து வலை கட்டி எண்ணிக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். போர்பாலாவிடம் வண்டி இல்லை. ரெஜோவிடம் வேன் இருந்தது. வலைச் சுருளும் மடக்கு நாற்காலிகள் இரண்டும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார்கள். பாலம் தாண்டும் முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

"அந்த ஊர்ல மீன்குழம்புல நூடுல்ஸ் போட மாட்டாங்க, தெரியுமா?" என்றான் ரெஜோ.

"பின்ன என்னத்தப் போடுவாங்க?"

"ஒண்ணும் போட மாட்டாங்க. வெறும் ரொட்டி தொட்டு."

"அடப்பாவிங்களா" என்றாள் போர்பாலா. "வண்டிய நிறுத்து. ஹெர்மினாவுக்கு போன் பண்ணி ஒரு டப்பா நூடுல்ஸ் குடுத்தனுப்பச் சொல்லு."

"மூணு வாரத்துக்கு ஒரு டப்பா எப்படிப் பத்தும்?" என்று சொல்லி, ரெஜோ வேனைத் திருப்பினான்.